நாலு நாட்டு வலை

என் பெயர் கோகிலவாணி. தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கிற ஷெட் வைத்திருக்கிறேன். இதைச் சொன்னதும் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டு வாளி உடைந்தால் அது கடைசியில் என் வாசலுக்குத்தான் வந்து சேரும்.

எங்கள் அப்பா இதே ஷெட்டில் மூட்டை தூக்கியவர். இன்றைக்கு வாசல் போர்டில் என் பெயர் இருக்கிறது. புருஷன் பெயர் இல்லை, சேட் பெயர் இல்லை, என் பெயர். போர்டு எழுத வந்த பெயின்டர், "பக்கத்துல அண்ட் சன்ஸ்னு போடட்டா?" என்று கேட்டான். எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். "போடுறதா இருந்தா டாட்டர்ஸ்னு போடு," என்றேன். சிரித்துக்கொண்டே ஒன்றும் போடாமல் போய்விட்டான். பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்படுகிற மாதிரி ஒரு காரியம் நடந்ததால்தான் இதைச் சொல்லவே உட்கார்ந்திருக்கிறேன்.

ஷெட் என்னுடையதே தவிர, அதில் ஆட்சி ஆறுமுகத்தாய் சித்தியுடையது. சொந்தச் சித்தி இல்லை. எங்கள் ஊர் நாங்குநேரிப் பக்கத்து மனுஷி, அந்த உறவு போதாதா? மூட்டை வந்து இறங்கினால் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பிரிப்பார்கள். நடுவில் சித்தி. ஒரு துண்டை வளைத்துப் பார்ப்பாள், தரையில் தட்டிச் சத்தம் கேட்பாள், சந்தேகம் என்றால் லைட்டரைக் காட்டி முகர்ந்து பார்ப்பாள். முடி கருகிய வாடை வந்தால் நைலான். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த வாடை வந்தால் ஹெச்.டி, வாளி செய்கிற கெட்டி பிளாஸ்டிக். சாக்கு, கயிறு வகையறா பி.பி. நைலானையும் ஹெச்.டியையும் சேர்த்து உருக்கினால் வருகிற சரக்கைக் கையாலேயே ஒடித்துவிடலாம். அதனால் எங்கள் தொழிலில் பிரிப்பதுதான் எல்லாம். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டோம். செம்பூர் வாளி, கல்யாண் வாளி என்று உண்டா என்ன? என்ன மால், என்ன சரக்கு என்பது ஒன்றுதான் கேள்வி.

இப்படி இருந்த எங்களிடம்தான் ஷ்யாமளா மேடம் வந்தார். வீடு மாட்டுங்காவில், வேலை செம்பூரில் கடல் சுத்தம் பார்க்கிற ஓர் ஆபீஸில். முதல் தடவை வந்தபோது நல்ல மழை. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, "ஒரு சாயா கிடைக்குமா?" என்றார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

அவர் கொண்டுவந்த வேலை இது. கடலில் அறுந்து போகிற வலைகள் இருக்கின்றனவே, அவை அறுந்ததோடு சும்மா கிடப்பதில்லை. ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். ஆமை மாட்டும், திருக்கை மாட்டும், மாட்டியது அங்கேயே சாகும், அதைத் தின்ன வருவதும் மாட்டும். பேய் வலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற ஊர்க்காரி நான், பேய்க்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் மேடம் போனில் காட்டிய படத்தில் வலை இறுகின கழுத்தோடு ஓர் ஆமை கிடந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தியா, இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம் என்று நாலு நாட்டுக்காரர்களும் சேர்ந்து அந்த வலைகளை எடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். ஒரு நாடு மட்டும் தன் பக்கத்தைச் சுத்தம் செய்தால் பிரயோஜனம் இல்லை, அடுத்த காற்றுக்கு அடுத்தவர் வலை வந்து சேர்ந்துவிடும். எடுத்ததைப் பிரித்து, கழுவி, அரைத்து, மறுபடி கயிறாகவும் மிதவையாகவும் ஆக்கி அந்தந்தக் கரைக்கே கொடுப்பதாகத் திட்டம். பிரிக்கிற வேலைக்கு இடம் தேடினார்கள். மேடத்தின் ஆபீஸில் எல்லாரும் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய பாக்டரி ஒன்றைச் சொன்னார்களாம். மேடம் ஒருத்தர்தான் தாராவி என்றாராம்.

"தாராவியில எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துடுவா, ஒரு ரூலும் கிடையாதுன்னு சொல்றா, கோகிலா," என்றார். "சண்டை போட்டு ஒரே ஒரு சாம்பிள் லோடு வாங்கியிருக்கேன். அதைச் சரியாப் பண்ணிட்டா நாலு நாட்டு வேலையும் உங்களுக்குத்தான். தப்பாப் போச்சுன்னா நாலு நாட்டு மீட்டிங்ல நான் இனிமே வாயைத் திறக்க முடியாது."

எனக்கு அந்த வேலை வேண்டும். மழைக்காலத்தில் எங்களுக்கு மால் வரத்து குறைந்துவிடும், பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வலை வந்தால் வருஷம் முழுக்க எல்லாருக்கும் வேலை. ஆனால் அதைவிட, 'கலந்துடுவா' என்ற அந்தப் பேச்சுதான் என்னைச் சுட்டது. கலக்காமல் இருப்பதற்குத்தானே நாங்கள் கூலியே வாங்குகிறோம்!

பர்மிஷன் எல்லாம் வாங்க மேடம் மாதக்கணக்கில் அலைந்தார். கடைசியில் லோடு துறைமுகத்துக்கு வந்தது. என் தம்பி பேச்சிராஜாதான் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிளாஸ்டிக் லேபிள். இந்தியாவுக்கு ஆரஞ்சு, இலங்கைக்கு மஞ்சள், மாலத்தீவுக்கு நீலம், வங்கதேசத்துக்குப் பச்சை. எந்த நாட்டுக் கரையில் எடுத்த வலையோ அந்த நாட்டு லேபிள். யாருடைய மூட்டை அதிக எடையோ அவர்கள் செலவில் அதிகப் பங்கு தர வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை நாலு நாட்டு ஆட்களும் நேரில் வந்து எடை போட்டுக் கையெழுத்து வைக்கிறவரைக்கும் மூட்டை மாறக் கூடாது, இதுதான் கண்டிஷன்.

எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். சித்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"நாட்டுக்கு ஒரு மூட்டையா? கடல்ல என்ன வேலியா போட்டு வச்சிருக்கு?"

"நமக்கு அதெல்லாம் எதுக்கு சித்தி? சொன்னதச் செய்வோம்."

"சரிட்டி. நீ சொன்னா சரிதான்."

அந்த மூட்டைகளின் வாடையைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வலையோடு ஒட்டிக்கொண்டு பாசி, சிப்பி, நண்டு எல்லாம் வந்திருந்தது. கப்பலில் மூடிக் கிடந்து அழுகியிருந்தது. முதல் நாள் கருவாட்டு வாடை என்று பொறுத்துக்கொண்டோம். அப்புறம் வந்த வாடைக்கு எந்த பாஷையிலும் பெயர் இல்லை. எதிரே அப்பளம் காயவைக்கிற பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் முகைதீன் பாய் ஜரிகை வேலை செய்கிறவர், தங்கமான மனுஷர். அவரே மூக்கைக் கட்டிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை நான் செம்பூர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். மறுநாள் யார் யார் வருகிறார்கள், பஸ் எங்கே நிற்கும் என்றெல்லாம் பேசினார்கள். போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அந்த நேரம் பார்த்து இங்கே சந்தே திரண்டு வந்திருக்கிறது. முகைதீன் பாய் கல்யாண லெஹங்கா ஆர்டரில் வாடை ஏறுகிறது என்று கிட்டத்தட்ட அழுதிருக்கிறார். சாயங்காலத்துக்குள் அதைக் கழுவு, இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போ, இல்லையென்றால் முனிசிபாலிட்டிக்குப் போன் போடுவோம் என்று மற்றவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். சித்தி எனக்குப் போன் போட்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. முனிசிபாலிட்டி வந்தால் ஷெட்டுக்குப் பூட்டு, நாளைக்கு விருந்தாளி வருகிற நேரத்தில் கோகிலாவுக்கு மானக்கேடு. அவள் யோசித்தது அவ்வளவுதான்.

நான் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சந்தில் சோப்புத்தூள் வாசனை. அப்பளக்காரப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முகைதீன் பாய் கையை உயர்த்தி சலாம் வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஷெட்டுக்குள் போனேன்.

உள்ளே நான் பார்த்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், அவ்வளவு அழகாக எங்கள் ஷெட் ஒரு நாளும் இருந்ததில்லை. வலை எல்லாம் கழுவி, சிப்பி சுரண்டி, முழ நீளத்துக்கு வெட்டி, குவியல் குவியலாக இருந்தது. இந்தப் பக்கம் நைலான், அந்தப் பக்கம் ஹெச்.டி, மூலையில் பி.பி கயிறு, சுவரோரம் மிதவைகள். பெண்கள் நனைந்த புடவையோடு நின்றார்கள், கையெல்லாம் சிப்பி கீறின ரத்தம். சித்தி நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"மூட்டையெல்லாம் எங்க சித்தி?"

"சாக்கும் பி.பி தானட்டி. அரைச்சாச்சு."

"லேபிளு?"

"அதும் நல்ல பி.பி. ஒண்ணையும் வீணாக்கல."

அரவைத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தூளுக்கு நடுவே ஆரஞ்சு, மஞ்சள், நீலம், பச்சைச் சில்லுகள் கிடந்தன. பிளாஸ்டிக் என்றால் பிரித்து அரைப்போம் என்பது எங்கள் கைக்குப் பழகின வழி. அவசரம் வந்ததும் கை தன் வழியில் போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போயிற்று.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா? கலக்காதிய, கலக்காதியன்னு சொன்னேன்லா? இப்பக் கலந்துதான வச்சிருக்கிய! ஊரே இவளுவ கலந்துருவாளுவன்னு சொல்லுது, அது சரின்னு நீங்களே காட்டிட்டிய!" என்று கத்தினேன்.

சித்தியைப் பார்த்து 'கலந்துட்டிய' என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. முந்தானையில் கையைத் துடைத்தாள், டிபன் டப்பாவை எடுத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தராகப் பின்னால் போனார்கள்.

பேச்சிராஜா மட்டும் நின்றான். அவனுக்கு எதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. "யக்கா, இதுக்குப் போயி ஏன் டென்ஷன் ஆவுத? எல்லாக் குவியல்லயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் புதுச் சாக்குல போட்டுக் கட்டுவோம். லேபிள் சயான்ல நம்ம பிரின்டிங் கடைக்காரன் அடிச்சுத் தந்துருவான். யாருக்குத் தெரியப்போவுது? கடலா வந்து சாட்சி சொல்லப்போவுது?"

சொல்ல வெட்கமில்லை, ஒரு நிமிஷம் எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தத் தொழிலில் மூட்டைக்கு நடுவே கல்லை வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு, தண்ணீரை ஊற்றி எடை ஏற்றுகிறவர்கள் உண்டு. என் மூட்டையை யாரும் திறந்து பார்த்து வாங்கினது கிடையாது, கோகிலா மால் என்றால் அப்படியே ஏற்றிக்கொண்டு போவார்கள். பொய் லேபிள் ஒட்டுவதும் மூட்டைக்குள் கல் வைப்பதும் ஒன்றுதான். "போல அங்கிட்டு," என்று அவனைத் துரத்திவிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அப்புறம், "ஐயோ கோகிலா, என்ன பண்ணிட்டேள்!" என்றார். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. கடைசியில், "சரி. புதுசா ஒண்ணும் ஒட்ட வேண்டாம். இருக்கறதைக் காட்டுங்கோ, நடந்ததைச் சொல்லுங்கோ. நான் பக்கத்துல நிக்கறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் வந்தார்கள். சித்தி வரவில்லை. ஜுரத்தோடுகூட வந்து உட்காருகிறவள் வரவில்லை. ஆள் அனுப்பலாம் என்றால் நாக்கு எழவில்லை. வட்டத்தின் நடுவில் அவள் இடம் காலியாகவே கிடந்தது.

விருந்தாளிகள் தொண்ணூறடி ரோட்டில் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். முன்னால் இந்தியாவின் சார்பில் டெல்லியிலிருந்து வந்த திட்டத் தலைவர், தேய்த்த சட்டையும் இறுகின முகமுமாக. அவர் பின்னால் வங்கதேசத்து அதிகாரி. மன்னாரிலிருந்து செபமாலை என்று ஒரு மீனவச் சங்கக்காரர். கடைசியாக மாலத்தீவு மேடம் ஆமினத், தலையில் துண்டு சுற்றின குட்டையான பெண். வழியெல்லாம் எதையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். ஷ்யாமளா மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார், சொன்ன மாதிரியே.

தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "மூட்டைகள் எங்கே?"

நான் நேராகச் சொன்னேன். "இல்லை சார். வாடை தாங்கவில்லை, சந்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், நாங்கள் கழுவிப் பிரித்துவிட்டோம். லேபிள் எல்லாம் அரைபட்டுப் போயிற்று. எது எந்த நாட்டு வலை என்று இனிமேல் சொல்ல முடியாது. என் ஷெட், என் தப்பு."

தலைவர் ஷ்யாமளா மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன் அல்லவா?" என்று வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னார். வங்கதேசத்து அதிகாரிக்குக் கோபம் பொங்கியது. எல்லா மூட்டையிலும் அவர்களுடையதுதான் எடை கம்மி என்று எனக்குத் தெரியும். லேபிள் போனதில் நஷ்டம் அவருக்குத்தான். "இனி எந்தக் கணக்கில் செலவைப் பிரிப்பது? மறுபடி முதலிலிருந்தா?" என்று குரலை உயர்த்தினார். தலைவர் அவருக்குப் பதில் சொல்ல, அவர் இவருக்குப் பதில் சொல்ல, என் ஷெட்டுக்குள் இரண்டு நாடு சண்டை போட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செபமாலை மட்டும் அந்தச் சண்டையில் இல்லை. அவர் ஹெச்.டி குவியல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பச்சை வலைத் துண்டை எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு தமிழில் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தமிழ் எனக்குப் புதிது, ஆனால் ஒரு வார்த்தைகூட விடாமல் புரிந்தது.

"தங்கச்சி, இத நான்தான் முங்கி அறுத்தெடுத்தனான். கடலுக்கடியில எங்கட பார்ப் பாறையில சுத்திக் கிடந்தது. எங்கட ஆக்கள் பாவிக்கிற வலை இல்ல இது, பெரிய இழுவை வலை. யார்ட எண்டு சண்டை பிடிக்க நான் வரேல்ல. ஆனா எங்கட கரையில எடுத்தபடியால மஞ்சள் லேபிள் ஒட்டிப் போட்டினம். அவ்வளவுதான், எங்கட வலை ஆகிட்டுது."

ஷ்யாமளா மேடம் அதை மற்றவர்களுக்குச் சொன்னார். சண்டை கொஞ்சம் தணிந்தது. அப்போதுதான் மாலத்தீவு மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட ஹிந்தி அவருடையது, உடைந்து உடைந்து வந்தாலும் பெண்கள் எல்லாருக்கும் புரிந்தது.

"எங்கள் ஊரில் சூரை மீனைத் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்போம். வலை போடுவது எங்கள் பழக்கமே இல்லை. ஆனால் உங்கள் எடைக் கணக்கில் முதல் இடம் யாருக்கு? எங்களுக்கு! எல்லார் வலையும் ஒதுங்குவது எங்கள் பவளப்பாறையில். பொறுக்கினது நாங்கள், அதனால் காசும் நாங்கள் கொடுக்க வேண்டும். இன்றைக்கு மத்தியானம் மீட்டிங்கில் இதைச் சொல்லிச் சண்டை போடலாம் என்று ராத்திரி முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்தேன். இங்கே வந்தால், இந்தப் பெண்கள் அந்த லேபிளை அரைத்தே போட்டுவிட்டார்கள்!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது கடலுக்கும் பொருந்தும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வங்கதேசத்து அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் மட்டும் இறங்கி வரவில்லை.

"செலவுக் கணக்கு வேறு, வேலை வேறு," என்றார். "ஒரு கண்டிஷன் சொன்னோம், அதை நீங்கள் காப்பாற்றவில்லை. கலக்காதே என்றோம், கலந்துவிட்டீர்கள்."

மறுபடி அந்த வார்த்தை. முந்தின நாள் சித்தியைப் பார்த்து நான் சொன்ன அதே வார்த்தை. அது என் காதில் விழுந்ததும் எனக்குள் என்னவோ சுறுசுறுவென்று ஏறியது. "லேபிள்தான் போயிற்று, சார். மால் கலக்கவில்லை," என்றேன். "இந்தப் பெண்கள் பிரித்ததில் ஒரு துண்டு தப்பாக இருந்தால் இந்த வேலை எனக்கு வேண்டாம். நீங்களே பாருங்கள்."

கழுவுகிற பெரிய தொட்டியில் தண்ணீரை நிரப்பச் சொன்னேன். நைலான் தண்ணீரில் மூழ்கும், ஹெச்.டி மிதக்கும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற சோதனை. தலைவர் கெட்டிக்காரர். குவியலின் மேலிருந்து எடுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நைலான் குவியலின் அடிவயிற்றுக்குள் கையை விட்டு ஒரு பிடியை உருவினார். தொட்டியில் போட்டு அமுக்கிக் கையை எடுத்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். ஒரு துண்டு மேலே வரவில்லை.

அடுத்து ஹெச்.டி. வங்கதேசத்து அதிகாரி தானே அள்ளினார். அமுக்கி விட்டதும் எல்லாம் மேலே வந்தது, அடியில் ஒன்றும் தங்கவில்லை. நம்பாமல் வேறு பக்கத்திலிருந்து அள்ளினார். அதற்கும் அதேதான். ஆமினத் மேடம் முழங்கை வரைக்கும் நனைந்துகொண்டு தொட்டியின் அடியைத் துழாவிவிட்டு, கையை விரித்துக் காட்டினார். பெண்கள் தொட்டியைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

தலைவர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே தொட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊருக்கு வெளியே அந்தப் பாக்டரிக்கும் இதே மாதிரி ஒரு லோடு கொடுத்தோம். லேபிள் எல்லாம் கச்சிதமாக இருந்தது. கயிறுதான் திரித்த உடனே அறுந்தது."

கைக்குட்டையை மடித்துக்கொண்டே தொடர்ந்தார். "செலவைப் பற்றி மத்தியானம் நாலு பேரும் உட்கார்ந்து பேசுவோம். யார் கரையில் ஒதுங்கினது என்ற கணக்கு வேண்டாம் என்றுதான் நானும் சொல்லப்போகிறேன். வேலை இங்கேயே நடக்கட்டும்." பிறகு முதல் தடவையாக முகம் தளர்ந்து கேட்டார்: "இதைப் பிரித்தது யார்?"

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லார் கண்ணும் அந்தக் காலி இடத்துக்குப் போயிற்று. "இருங்க, வாரேன்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஓடினேன்.

சித்தி வீடு அடுத்த சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடி அறை. சுளகில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"சித்தி, நான் பேசினது தப்பு. நீங்க ஒண்ணையும் கலக்கல. வாங்க."

"எதுக்கு? லேபிள் ஒட்ட ஆள் கொறையுதோ?"

"அவுகள்லாம் பாத்துட்டாவ சித்தி. தொட்டில போட்டுப் பாத்தாவ. ஒரு துண்டுகூடத் தப்பு இல்ல. வேலை நமக்குத்தான். பிரிச்சது யாருன்னு கேக்காவ."

அவள் கை நின்றது. ஆனால் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அதற்குள் ஏணியில் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் மாலத்தீவு மேடம், மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து நிற்கிறார். கீழே சந்தில் செபமாலை அண்ணன், ஷ்யாமளா மேடம், மற்றவர்கள், எங்கள் பெண்கள், தலைவரும்கூட. நாலு நாடும் ஆறுமுகத்தாய் சித்தி வீட்டு ஏணியடியில் நின்றது.

ஆமினத் மேடம் சித்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சித்தி வெடுக்கென்று இழுத்தாள். "வாடை அடிக்கும், விடச் சொல்லுட்டி." நான் ஹிந்தியில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "தீவுக்காரிக்கு இது வாடையா?" என்றார், சித்தியின் கையை மறுபடி பிடித்துக்கொண்டார். கை முழுக்கச் சிப்பிக் கீறல். அவர் ஒவ்வொரு கீறலாகப் பார்த்தார்.

சித்தி கண்ணைத் துடைக்கவில்லை, அதெல்லாம் அவளிடம் கிடையாது. கொண்டையை அவிழ்த்து முடிந்தாள், புடவையைச் சரி செய்தாள், எங்களுக்கு முன்னால் ஏணியில் இறங்கினாள். சந்தில் நடந்தபோது முகைதீன் பாய் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அப்பளக்காரப் பெண்கள் கூடையை நகர்த்தி வழி விட்டார்கள். சித்தி யாரையும் பார்க்கவில்லை. நேராக ஷெட்டுக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அந்த நிமிஷம் இருந்த பெருமை, போர்டில் என் பெயர் ஏறின அன்றுகூட இல்லை.

தலைவர் அவள் எதிரே வந்து, குனிந்து, மரியாதையாகவே கேட்டார். நாலு கரையிலிருந்தும் இனி நிறைய லோடு வரும், பெரிய வேலை, இந்த அம்மாவுக்கு எங்களிடமிருந்து என்ன உதவி வேண்டும், கேட்டுச் சொல்லுங்கள் என்றார். புது மிஷின் கேட்பாள், கையுறை கேட்பாள் என்று நினைத்தேன். நான் மொழிபெயர்த்தேன். சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுத்த தடவயாவது லேபிள் ஒட்டாம அனுப்பச் சொல்லுட்டி," என்றாள். "பிய்க்கிறதுலயே பாதிப் பொழுது போயிருது."

அதை அப்படியே ஹிந்தியில் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.